ரோலாவில் ஓர் இரவு

இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய கூடாரத் திடல். அது அப்படியே இருப்பதற்குச் சிலர் கொடுத்திருக்கும் விலை சிறியதல்ல.

ரோலாவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மலைவாசஸ்தலங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். மால் ரோடு இல்லை. ‘வியூ பாயின்ட்’ இல்லை. சுட்ட சோளம் விற்பவர் இல்லை. பள்ளத்தாக்கு மிகக் குறுகலானது என்பதால் பனிச் சிகரங்கள்கூடக் கண்ணில் படாது. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் சமதளம், வனத்துறையின் எளிய குடில், கூடாரம் அடிக்க இடம், பக்கத்தில் பாய்ந்துகொண்டே இருக்கும் தீர்த்தன் ஆறு. அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. செல்போன் வெறும் கடிகாரமாகிவிடுகிறது. இங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு வேறொரு சங்கடம். ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்றால் அது ஒரு பயணக் கதையாகுமா?

குலு மாவட்டத்தில் இருக்கும் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் தீர்த்தன் வாசலைத் தாண்டியதும் வரும் முதல் தங்குமிடம் ரோலா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். தில்லியிலிருந்து மணாலிக்குப் போகும் இரவுப் பேருந்துகள் விடியும் நேரத்தில் ஔட் சுரங்கப் பாதையை நெருங்கும். மணாலிக்குப் போகும் கூட்டம் சுரங்கத்துக்குள் மறைந்துவிட, அதற்குச் சற்று முன்பே வலப்புறம் பிரியும் சாலை லார்ஜி வழியாக பஞ்சார் என்ற சிறு நகரத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் குஷைனி. பலாச்சன் என்ற ஓடை தீர்த்தனில் வந்து கலக்கும் இடம். சில கடைகள், டீ, பஸ் ஸ்டாண்டு என்று சொல்லிக்கொள்ள ஒரு திருப்பம். வழியில் சாய்ரோபாவில் உள்ள வனத்துறை மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். குஷைனியிலிருந்து ரோலாவுக்கு நடந்தே போக வேண்டும். சுமார் 10 கி.மீ. சுமை இல்லாதவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம். உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு மணி நேரம். இதை அவர்கள் நாசூக்காக வெளியில் சொல்வதில்லை.

நடையின் முதல் பாதி ஊர்களுக்கு ஊடே போகிறது. ஆப்பிள் தோட்டங்கள், வாதுமை மரங்கள், தேவதாரு உத்திரத்தையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய பழைய வீடுகள். கூரைக்குக் கற்பலகை. முதுகில் ‘கில்டா’ எனப்படும் கூம்புக் கூடையைச் சுமந்துகொண்டு புல்லறுக்கப் போகும் பெண்கள் எதிர்ப்படுவார்கள். பாதையோரம் செழித்து நிற்கும் ஒரு செடியின் மீது கைபட்டுவிடாமல் வழிகாட்டிகள் எச்சரிப்பார்கள். காஞ்சொறி இனம். பட்டால் தேள் கொட்டியதுபோல் எரியும் என்பதால் இந்தியில் அதற்குப் பெயரே ‘பிச்சு பூட்டி’. மலைக்காரர்கள் அதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஊர்கள் முடிந்ததும் காடு தொடங்குகிறது. பாதை சில இடங்களில் ஆற்றைத் தொட்டுக்கொண்டும் சில இடங்களில் ஆற்றுக்கு வெகு உயரத்திலும் போகும். பூங்காவின் வாசலைக் கடந்த பிறகு ஒரு வித்தியாசம் தெரிகிறது. வெட்டிய மரக் கட்டைகள் இல்லை. மாட்டுச் சாணம் இல்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே பாசி பிடித்துக் கிடக்கிறது.

ரோலாவில் பிற்பகல் என்பது கூடாரம் அடிப்பதும் டீ குடிப்பதும்தான். ஆற்றிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கூடாரம் போடுவது என்பதில் வழிகாட்டிகள் விட்டுக்கொடுப்பதில்லை. நகரத்திலிருந்து வருகிறவருக்குத் தண்ணீரை ஒட்டிய மணல் திட்டு மெத்தைபோல் தெரியும். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஆறுதான். பழைய வெள்ளம் ஒதுக்கிவிட்டுப்போன சுள்ளிகளும் கட்டைகளும் எந்தக் கோட்டில் கிடக்கின்றன என்று பார்த்து, அதற்கும் மேலேதான் கூடாரம். கோடைக்காலத்தில் இந்த ஆறுகளுக்கு ஒரு தினசரி கணக்கு உண்டு. மேலே பனி உருக வெயில் வேண்டும். உருகிய நீர் கீழே வந்துசேர நேரம் வேண்டும். ஆகவே விடியற்காலையில் ஆறு அடக்கமாக இருக்கும். பிற்பகலிலும் மாலையிலும் உயரும். காலையில் கல்மேல் கல் தாவிக் கடந்த ஓடையை மாலையில் கடக்க முடியாமல் போவது உண்டு. நீர் திடீரென்று கலங்கினாலோ ஓசை மாறினாலோ எதையும் எடுக்கக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் முதல் பாடம். ஜூலை, ஆகஸ்டில் இங்கே கூடாரம் போடாமல் இருப்பது அதைவிட நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும்தான் நடப்பதற்கேற்ற காலம்.

மற்ற விதிமுறைகளும் கண்டிப்பானவைதான். சோப்பை ஆற்றில் கரைக்கக்கூடாது. காலைக்கடனுக்கு ஆற்றிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போய்க் குழி தோண்டி மூட வேண்டும். பிளாஸ்டிக் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். தூண்டிலையும் பூங்காவுக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டும். இது பலருக்கு வருத்தம்தான். தீர்த்தனின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்ததே டிரவுட் மீனால்தான். ஆங்கிலேயர் 1909இல் குலுவுக்குக் கொண்டுவந்த பழுப்பு டிரவுட், குளிர்ந்த, பிராணவாயு மிகுந்த இந்த நீரில் ஊன்றிவிட்டது. குஷைனிப் பக்கம் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு தூண்டில் போடுகிறவர்கள் இன்றும் உண்டு.

தூண்டில் இல்லாதவர்களுக்கு வேறு வேடிக்கை இருக்கிறது. ஆற்றின் நடுவே பாறைமேல் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி மடக்கி வணக்கம் போடும் ஒரு குண்டான பழுப்புக் குருவி, திடீரென்று நீருக்குள் இறங்கிக் காணாமல் போகும். மூழ்கிவிட்டதோ என்று பதறும் நேரத்தில் பத்தடி தள்ளி இன்னொரு பாறையில் ஏறி நிற்கும். பெரியவர்களையே உருட்டிவிடும் நீரோட்டத்தில் அடித்தரையைப் பற்றிக்கொண்டு புழுக்களைப் பொறுக்கும் ‘பிரவுன் டிப்பர்’ இது. தலையில் வெள்ளைத் தொப்பி வைத்த செவ்வால் குருவி, வாலை விசிறிபோல் விரித்துச் சுருக்கும் சாம்பல் செவ்வாலி, விடியலுக்கு முன்பே சீழ்க்கையடிக்கத் தொடங்கும் நீலப் பாடும்பறவை எல்லாம் பாறைக்கு ஒன்றாக இடம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன.

இருட்டியதும் ஆற்றின் ஓசை இரண்டு மடங்காகிவிடுகிறது. உண்மையில் ஆறு அப்படியே இருக்கிறது. மற்றவை அடங்கிவிடுகின்றன. சமையல் கூடாரத்தில் ராஜ்மாவும் சோறும் வேகின்றன. பள்ளத்தாக்கின் இரு சுவர்களுக்கு நடுவே ஒரு துண்டு வானம். அதில் கொள்ளாத அளவுக்கு நட்சத்திரங்கள். எட்டு மணிக்கெல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்துவிடுவார்கள்.

மறுநாள் இரண்டு வழிகள். ஒன்று ஆற்றை ஒட்டியே பல நாள் நடந்து, தீர்த்தன் பிறக்கும் இடத்துக்குப் போகிறது. தீர்த்தம் என்பதே அந்த இடத்தின் பெயர். குலு பகுதியின் ஊர்த் தெய்வங்களைப் பல்லக்கில் வைத்து அங்கே நீராட்டக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. இன்னொன்று ரோலாவிலிருந்து செங்குத்தாக ஏறி, 3,000 மீட்டருக்கு மேலே ஷில்ட் என்ற இடத்துக்கும் அதற்கப்பால் ரகுண்டி முகட்டுக்கும் போகிறது. ஆற்றங்கரையில் மறைந்திருந்த பனிச் சிகரங்கள் அங்கேதான் முகம் காட்டும். ஏறும் வழியில் தேவதாரு போய் மலைமூங்கில் புதர்கள் சூழ்ந்த ஓக் காடு வரும். ‘ஜுஜுராணா’ வாழும் இடம் அதுதான். பறவைகளின் ராஜா என்று பொருள். எல்லாப் பறவைகளிடமும் ஓர் இறகு வாங்கி இதைப் படைத்தார் கடவுள் என்பது மலைக் கதை. உலகிலேயே மிக அரிதான வண்ணக் காட்டுக்கோழிகளில் ஒன்றான இது 2007 முதல் இமாசலத்தின் மாநிலப் பறவை. பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்டவர்கள் கொஞ்சம் அதிகம்.

பாறைச் சரிவுகளில் இமயமலை வரையாடு. நீலகிரி வரையாடு இதன் பங்காளி என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005இல் வெளியான மரபணு ஆய்வு, நம் ஊர் வரையாட்டுக்குச் செம்மறி இனத்தோடுதான் நெருக்கம் என்று சொல்லி உறவை முறித்துவிட்டது.

ஷில்ட் ஏறும் பாதையைப் போட்டவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, வனத்துறையும் அல்ல. இவை ஆட்டிடையர்களின் வழிகள், மூலிகை பொறுக்கியவர்களின் வழிகள். கோடையில் ஊர் ஊராக ஆடுகள் ‘தாச்’ எனப்படும் உயர்நிலைப் புல்வெளிகளுக்கு ஏறும். வசந்தத்தில் காட்டில் ‘குச்சி’ என்ற காளான் முளைக்கும். உலர்த்தினால் கிலோ பல ஆயிரம் ரூபாய் போகும் பண்டம் அது. தூப வேர், கடுகுரோகிணி, அதிவிடயம் என்று மேலே தோண்டி எடுத்த வேர்களும் கிழங்குகளும்தான் பல வீடுகளின் ரொக்க வருமானம். சொந்தமாக நிலம் குறைவாக இருந்த குடும்பங்களுக்கு அது ஒன்றே வழி.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறவையியல் அறிஞர் ஆன்டனி காஸ்டன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு இமாசலக் காடுகளில் வனவிலங்குக் கணக்கெடுப்பு நடத்தியது. இந்தப் பள்ளத்தாக்குகளின் செல்வத்தைப் பார்த்து அது செய்த பரிந்துரையின் பேரில் 1984இல் பூங்கா அமைக்கும் முதல் அறிவிப்பு வந்தது. இறுதி அறிவிப்பு வர 15 ஆண்டுகள் ஆயின. 1999இல் 754 சதுர கி.மீ. தேசியப் பூங்காவாயிற்று. தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி மேய்ச்சல் கிடையாது, மூலிகை கிடையாது, காளான் கிடையாது. யாருக்கு உரிமை இருந்தது என்று தீர்மானிக்க எடுத்துக்கொள்ளப்பட்ட அடிப்படை ஆவணம், ஆண்டர்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தயாரித்த வன உரிமைப் பட்டியல். அதில் கொள்ளுத் தாத்தாவின் பெயர் இருந்த வீட்டுக்கு இழப்பீடு. மற்றவர்களுக்கு? பூங்காவின் விளிம்பில் சுமார் 160 சிற்றூர்கள் இருக்கின்றன. நூறு ஆண்டுகளில் அங்கே எத்தனையோ குடும்பங்கள் பெருகியிருந்தன, எத்தனையோ பேர் புதிதாக மூலிகைத் தொழிலுக்கு வந்திருந்தார்கள். பட்டியலுக்கு அதெல்லாம் தெரியாது.

அதே 1999இல்தான் இன்னொரு விசித்திரமும் நடந்தது. அடுத்த பள்ளத்தாக்கான சைஞ்சில், ஜீவா ஓடைப் பகுதியில் சுமார் 10 சதுர கி.மீ. பூங்காவின் எல்லையிலிருந்து கழற்றிவிடப்பட்டது. பார்வதி நீர்மின் திட்டத்துக்காக. ஆடுகளுக்கு இடமில்லாத காட்டில் சுரங்கத்துக்கும் சாலைக்கும் இடம் கிடைத்ததை மலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மறக்கவேண்டிய காரணமும் இல்லை.

வனத்துறையும் சும்மா இருந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். உலக வங்கி உதவியுடன் நடந்த திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஏழைப் பெண்களைச் சிறு சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்தார்கள். நாளுக்கு ஒரு ரூபாய். மண்புழு உரம் தயாரிப்பது, பழக்கொட்டையிலிருந்து எண்ணெய் எடுப்பது என்று வேலைகள் தொடங்கின. அந்தக் குழுக்களிலிருந்து ‘சஹாரா’ என்ற உள்ளூர் அமைப்பு உருவானது. காட்டுக்குள் வருகிறவர்களுக்கு வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர் எல்லாம் அந்த ஊர்களிலிருந்தே என்ற ஏற்பாடும் அப்போதுதான் வலுப்பெற்றது. ரோலாவில் டீ போட்டுத் தரும் கையும் கூடாரத்துக்கு முளை அடிக்கும் கையும் வேர் தோண்டிய குடும்பங்களிலிருந்து வந்தவை என்பது மிகைப்படுத்தல் ஆகாது. ஆண்டில் ஐந்து மாதத்துக்கு மேல் இந்த வேலை இல்லை. அதிலும் பெண்களுக்குக் கிடைப்பது குறைவு. காளான் பொறுக்கப் பெண்கள்தான் அதிகம் போனார்கள் என்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நேராகவில்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் முடிவு 2013இல் தள்ளிவைக்கப்பட்டபோது, உள்ளூர் மக்களின் உரிமைகள் பற்றிய கவலையும் காரணங்களில் ஒன்றாக இருந்தது.

ஷில்டிலிருந்து இறங்கி, ரோலாவில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு குஷைனிக்குத் திரும்பும் வழியில், ஆறு இடப்புறமோ வலப்புறமோ கூடவே வருகிறது. இந்த ஆற்றில் அணை இல்லை. இது தானாக நேர்ந்ததல்ல. தீர்த்தனிலும் அதன் கிளை ஓடைகளிலும் சிறு நீர்மின் நிலையங்களுக்கான திட்டங்கள் போடப்பட்டபோது, அவற்றை எதிர்த்து முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் முன்னின்று இயக்கம் நடத்தினார். ஊராட்சிகள் தீர்மானம் போட்டன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. திட்டங்கள் கைவிடப்பட்டன. அதனால்தான் ரோலாவில் இரவில் கேட்கும் ஆற்றின் ஏற்ற இறக்கம் முழுக்கப் பனியும் மழையும் போடும் கணக்காகவே இருக்கிறது.

வெள்ளத்துக்கு இதனால் விலக்கு இல்லை. 2023 ஜூலையில் சைஞ்ச் ஊரின் வீடுகளையும் கடைகளையும் ஆறு அடித்துக்கொண்டு போனபோது தீர்த்தன் கரையும் தப்பவில்லை. ஆனாலும் குஷைனிக்குக் கீழே, பஞ்சார் வரை ஆற்றோரத்தில் கூடார விடுதிகளும் மர வீடுகளும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. சில, ரோலா வழிகாட்டிகள் கால்வைக்கத் தயங்கும் அதே மணல் திட்டுகளில். இரவில் வண்ண விளக்கு, பாட்டு, தீ மூட்டி ஆட்டம். நடத்துகிறவர்களிலும் பலர் உள்ளூர் இளைஞர்கள்தான். காட்டிலிருந்து வருமானம் போனபின் ஆற்றிலிருந்து சம்பாதிக்காமல் என்ன செய்வார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். வேறு மாநிலங்களில் இது நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ரிஷிகேஷுக்கு மேலே கங்கைக் கரை மணலில் முகாம்கள் நடத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை போட்டது. உத்தராகண்டின் உயர்நிலைப் புல்வெளிகளில் இரவு தங்கக்கூடாதென்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. தீர்த்தனில் இதுவரை அந்த நிலை வரவில்லை. பூங்கா வாசலுக்கு மேலே அனுமதிச் சீட்டும் பத்து கி.மீ. நடையும் கூட்டத்தை வடிகட்டிவிடுகின்றன.

லார்ஜியில் தீர்த்தனும் சைஞ்சும் பியாஸ் ஆற்றோடு கலக்கின்றன. கலந்த உடனேயே அணை. 126 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கான அந்தத் தேக்கத்தில், மூன்று நாட்களாகக் காதில் ஒலித்துக்கொண்டிருந்த ஆறு பச்சை நிறத்தில் சத்தமில்லாமல் நிற்கிறது.

தில்லி பேருந்து அங்கிருந்து மண்டியை நோக்கி இறங்கும்போது தலௌட் என்ற ஊரைக் கடக்கும். 2014 ஜூன் 8 மாலை, மணாலிக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் அங்கே பேருந்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதற்காக ஆற்றுக்குள் இறங்கினார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர், பெரிய பாறைகள், இதமான வெயில். மேலே லார்ஜி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. மாணவர்கள் 24 பேரையும் உடன் வந்த பயண ஏற்பாட்டாளர் ஒருவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. உடல்களைத் தேடும் பணி வாரக்கணக்கில் நடந்தது. அது நடந்துகொண்டிருந்த அதே ஜூன் மாதம் 23ஆம் தேதி, தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இப்போது அந்தப் பகுதியில் ஆற்றோரம் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. எந்நேரமும் அணை திறக்கப்படலாம், இறங்காதீர்கள் என்று. டீக்காகப் பேருந்து நிற்கும் இடங்களில், கேமராவோடு இறங்கி முதலில் ஆற்றைப் பார்த்து நடக்கத் தொடங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ரோலாவிலிருந்து வருகிறவர்கள் மட்டும் கரையில் நின்று, பழைய வெள்ளம் ஒதுக்கிய சுள்ளிகள் எந்தக் கோட்டில் கிடக்கின்றன என்று தேடுவார்கள்.